ட்ரவுட் தூண்டிலுக்குச் சொந்தமாக ஃபிளை கட்டுவது: முழுமையான வழிகாட்டி

ஃபிளை என்பது, ட்ரவுட் மீனைப் பிடிக்கத் தூண்டில் முள்ளின் மேல் இறகு, முடி, நூல் கொண்டு கட்டும் போலிப் பூச்சி. அதைக் கட்டத் தொடங்குகிற பலரும் முதலில் செய்வது, கண்ணைப் பறிக்கும் இறகுகளாக வாங்கிக் குவிப்பது. அதில் பாதி கடைசிவரை உறை பிரிக்கப்படாமலே கிடக்கும். நான் சொல்வது இதற்கு நேர் எதிர். முதலில் நீங்கள் தூண்டில் போடும் ஓடைக்குப் போய் நான்கைந்து கற்களைப் புரட்டிப் பாருங்கள். அங்கே எந்தப் பூச்சி இருக்கிறது, எவ்வளவு நீளம், என்ன நிறம் என்று தெரிந்துவிட்டால் கட்ட வேண்டிய ஃபிளைகளின் பட்டியல் மூன்று நான்காகச் சுருங்கிவிடும். சிற்றோடை ட்ரவுட்டுக்கு அதுவே தாராளம்.

இந்தக் கைவேலை மிகப் பழையது. ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன்பே மாசிடோனியாவில் முள்ளின் மேல் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இரண்டு இறகுகளைச் சேர்த்துக் கட்டி, உடலில் புள்ளி உள்ள மீன்களைப் பிடித்தார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் ஒருவர் குறித்து வைத்திருக்கிறார். கம்பளி, நூல், சேவல் இறகு. இன்றைக்கும் மேசையில் இருப்பவை பெரும்பாலும் இவைதான்.

கல்லுக்கு அடியில் பாருங்கள்

ட்ரவுட் தின்பதில் பெரும்பகுதி நீருக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. மீன் மேலே வந்து பூச்சியைக் கவ்வுவது பார்க்க அழகுதான், ஆனால் அது நாளின் சில மணி நேரங்களில் மட்டும் நடக்கிற விஷயம். அதனால் தேடலும் நீருக்குள் தொடங்க வேண்டும். முழங்கால் ஆழத்தில், நீர் சலசலத்து ஓடும் இடத்தில், கையகலக் கல் ஒன்றை மெதுவாக எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் வைத்து, கிடைப்பதை அதில் விட்டால் தெளிவாகத் தெரியும். பார்த்து முடித்ததும் பூச்சிகளை ஓடையிலேயே விட்டு, கல்லை எடுத்த இடத்தில், எடுத்த பக்கமாகவே வைத்துவிடுங்கள்.

நான்கு வகைகளை அடையாளம் காணத் தெரிந்தால் போதும். மேஃபிளையின் இளம்பருவமான நிம்ஃபுக்கு வால் இழைகள் பெரும்பாலும் மூன்று. வயிற்றின் இரு பக்கமும் செவுள்கள் அசைந்துகொண்டே இருக்கும். ஸ்டோன்ஃபிளை நிம்ஃபுக்கு வால் இரண்டுதான். இன்னும் சந்தேகம் இருந்தால் காலைப் பாருங்கள்: மேஃபிளைக்குக் கால் நுனியில் ஒரு நகம், ஸ்டோன்ஃபிளைக்கு இரண்டு. கேடிஸ் புழு பருவத்தில் பெரும்பாலும் மணலையோ குச்சித் துணுக்குகளையோ ஒட்டிக் கூடு செய்து அதற்குள் இருக்கும். கூடு இல்லாமல் திரியும் இனங்களும் உண்டு. நான்காவது மிட்ஜ். கொசுவுக்கு உறவு, ஆனால் கடிக்காது. நூல் துணுக்கு மாதிரி மெலிந்த புழு.

வளர்ந்த பூச்சிகளை இறக்கையை வைத்தே பிரித்துவிடலாம். மேஃபிளை உட்காரும்போது இறக்கையை முதுகுக்கு மேல் நேராக நிமிர்த்தி வைக்கும். கேடிஸ் இருபுறமும் சரியும் ஓட்டுக் கூரை போல மூடிக்கொள்ளும். ஸ்டோன்ஃபிளை முதுகின் மேல் தட்டையாக மடித்துக்கொள்ளும். மேஃபிளையிடம் ஒரு விசேஷம்: இறக்கை முளைத்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கும். வேறு எந்தப் பூச்சியினமும் இப்படிச் செய்வதில்லை. அதனால்தான் ஒரே பூச்சிக்கு, மங்கிய இறக்கையுள்ள பருவத்துக்கு ஒன்று, கண்ணாடி இறக்கைப் பருவத்துக்கு ஒன்று என்று இரண்டு வகை ஃபிளைகள் புழக்கத்தில் இருக்கின்றன.

பூச்சியை அளக்கும்போது வாலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உடல் நீளத்தை ஒரு முள்ளின் தண்டோடு ஒப்பிட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். என் வரிசை இதுதான்: முதலில் அளவு, அடுத்து உருவம், கடைசியில் நிறம். அளவு பொருந்தி நிறம் கொஞ்சம் தவறினாலும் மீன் கவ்வும். நிறம் அச்சுஅசலாக இருந்து அளவு இரண்டு மடங்காக இருந்தால், மீன் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

மேசையில் என்னென்ன வேண்டும்

முள்ளைப் பிடிக்க ஒரு வைஸ். விலை உயர்ந்தது தேவையில்லை. பிடித்த முள் நழுவாமல் இருந்தால் சரி. நூலைத் தாங்க பாபின். பாபினில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: நூல் வெளியே வரும் குழாயின் விளிம்பு கரடுமுரடாக இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், காரணம் தெரியாமல் நீங்கள் உங்கள் கையைக் குறை சொல்வீர்கள். பீங்கான் குழாய் உள்ளதாக ஒன்று வாங்கிவிடுங்கள். கூர்நுனிக் கத்தரி ஒன்று, செம்புக் கம்பி மாதிரி தடித்ததை வெட்டப் பழைய கத்தரி இன்னொன்று. இறகைப் பிடிக்கும் சிறு இடுக்கி, கடைசி முடிச்சைப் போட உதவும் விப் ஃபினிஷ் கருவி, பிடி வைத்த ஊசி, மான் முடியின் நுனிகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் ஸ்டேக்கர் குழாய். இவற்றோடு நல்ல வெளிச்சம். பின்னால் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தி வைத்தால் கண் களைக்காது.

முள்ளின் எண் தலைகீழ்க் கணக்கு: எண் பெரிதாகப் பெரிதாக முள் சிறிதாகும். ஓடை ட்ரவுட்டுக்கு 10 முதல் 18 வரை பயன்படும். தொடங்கும்போது 12, 14 போதும். நீரில் மிதக்க வேண்டிய ஃபிளைக்கு மெல்லிய கம்பி முள், மூழ்க வேண்டியதற்குத் தடித்த கம்பி முள் என்று பார்த்து வாங்குங்கள்.

இந்த வழிகாட்டியில் முள்ளின் பாகங்களை இப்படிச் சொல்லப்போகிறேன். நரம்பு கோக்கும் துளை கண். நேரான பகுதி தண்டு. அது முடியும் இடம் வளைவு. தண்டுக்கும் முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி வாய். முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நிற்கும் சிறு செதில் பார்ப். இந்தப் பார்பைக் கட்டுவதற்கு முன்பே குறடால் அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். மீனை விடுவிப்பது எளிதாகும், எடைக்காகக் கோக்கும் சிறு உலோக மணியும் தடையில்லாமல் ஏறும். அமுக்கும்போது சில சமயம் முனையே உடையும். முழு ஃபிளையையும் கட்டி முடித்த பிறகு உடைவதைவிட வெறும் முள்ளாக உடைவது மேல்.

நூலைப் பழக்குங்கள்

ஃபிளை கட்டுவதில் பாதி வேலை நூலைக் கையாள்வதுதான். நூலின் பருமனை டெனியர் கணக்கில் சொல்வார்கள்: 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் அந்த எண். 12 முதல் 18 வரையுள்ள முள்ளுக்கு 70 டெனியர் பொருத்தம். பெரிய முள்ளுக்கு 140.

வெறும் முள்ளை வைஸில் பிடியுங்கள். தண்டு தரைக்கு இணையாக இருக்கட்டும். வலக்கைக்காரர் நூலைத் தண்டின் மேலாக, தன்னிடமிருந்து விலகிப் போகும் திசையில் சுற்ற வேண்டும். நூலின் நுனியை இடக்கையில் இழுத்துப் பிடித்து, கண்ணுக்குச் சற்றுப் பின்னால் ஐந்தாறு சுற்று முன்னே போய், அதன் மேலேயே பின்னோக்கி ஏறி வாருங்கள். நுனி மாட்டிக்கொள்ளும். மிச்சத்தை வெட்டிவிட்டு வளைவு வரை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு போங்கள்.

இப்போது வேண்டுமென்றே நூலை இழுத்து அறுத்துப் பாருங்கள். எத்தனை விசையில் அறுகிறது என்பது கைக்குத் தெரிய வேண்டும். அந்த எல்லைக்குச் சற்றுக் கீழேதான் எப்போதும் கட்ட வேண்டும். தளர்வாகக் கட்டிய ஃபிளை முதல் மீனிலேயே பிரிந்து போகும்.

ஒவ்வொரு சுற்றிலும் நூலில் முறுக்கு ஏறுகிறது. முறுக்கேறிய நூல் கயிறாகத் திரண்டு மேடு தட்டும். பாபினைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாகச் சுழற்றினால் முறுக்கு இறங்கி நூல் நாடாவாகப் படியும். வலஞ்சுழியாகச் சுழற்றினால் மறுபடி திரளும். உடல் வழவழப்பாக வர நாடா நல்லது. ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் திரண்ட நூல் நல்லது. பலர் இதைக் கவனிக்காமலே வருடக்கணக்கில் கட்டுகிறார்கள்.

இன்னொரு பிடி: மென்சுற்று. எந்த இறகையும் முடியையும் தண்டின் உச்சியில் வைத்துக் கட்டும்போது, நூல் அதைத் தன்னோடு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். பொருளைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தண்டோடு சேர்த்துக் கிள்ளிப் பிடியுங்கள். நூலை அந்த விரல்களுக்கு நடுவே தளர்வாக மேலே கொண்டுபோய் மறுபக்கம் இறக்கி, பிறகு நேராகக் கீழே இழுத்து இறுக்குங்கள். இரண்டு மென்சுற்று போட்ட பிறகே விரலை எடுக்க வேண்டும்.

கைப்பழக்கத்துக்கு: வூலி பக்கர்

சின்ன முள்ளில் தொடங்கினால் வெறுத்துவிடும். 8 அல்லது 10 எண் நீளத்தண்டு முள்ளில் வூலி பக்கர் கட்டிக் கையைப் பழக்குங்கள். 1967இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரஸல் பிளெஸ்ஸிங் உருவாக்கிய வடிவம் இது. குறிப்பிட்ட எந்தப் பூச்சியின் நகலும் இல்லை. அட்டை, குட்டி மீன், பெரிய நிம்ஃப் என்று மீன் எதுவாக வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்.

தண்டின் நடுவில் எடைக் கம்பியைப் பத்துச் சுற்று சுற்றுங்கள். ஈயக் கம்பி நீர்ப்பறவைகளுக்கு நஞ்சு, பல இடங்களில் கட்டுப்பாடும் உண்டு. ஈயமில்லாத கம்பியே வாங்குங்கள். மாராபு என்ற பஞ்சு போன்ற மென்மையான இறகை விரலால் ஈரப்படுத்தி, தண்டின் நீளத்துக்குச் சமமான வாலாகக் கட்டுங்கள். வால் அடியில் ஷெனீல் என்ற தடித்த, பஞ்சுபோன்ற நூலையும் நீண்ட சேவல் இறகு ஒன்றின் நுனியையும் பிடித்துக் கட்டி, ஷெனீலை முன்னே சுற்றி நூலால் முடித்து, இறகை அதன் மேல் இடைவெளி விட்டுச் சுழற்றிக்கொண்டு வந்து கண்ணுக்குப் பின்னால் முடியுங்கள். அவ்வளவுதான். கருப்பு, ஆலிவ் இரண்டு நிறம் போதும்.

முதல் நிம்ஃப்: ஃபெசன்ட் டெய்ல்

ஒரே ஒரு ஃபிளைதான் கட்டலாம் என்றால் இதைத்தான் கட்டுவேன். இங்கிலாந்தின் வில்ட்ஷயர் ஏவன் ஆற்றில் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் தந்தது. அவர் நூலே பயன்படுத்தவில்லை. மெல்லிய செம்புக் கம்பியால் ஃபெசன்ட் என்ற பறவையின் வால் இழைகளைக் கட்டினார். கால்களும் வைக்கவில்லை, ஏனென்றால் நீந்தும் நிம்ஃப் கால்களை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்வதை ஆற்றில் பார்த்திருந்தார். கீழே உள்ளது மணி கோத்த, நூலால் கட்டும் வடிவம். முள் 14. அதற்கு 2.5 அல்லது 2.8 மி.மீ. மணி. டங்ஸ்டன் மணி பித்தளையைவிட இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தி, வேகமாக ஓடும் நீருக்கு அது. ஆழம் குறைந்த மெதுவான நீருக்குப் பித்தளையே நல்லது.

1. பார்பை அமுக்கி, மணியின் சின்னத் துளை கண் பக்கம் வருமாறு கோத்து, முள்ளை வைஸில் பிடியுங்கள்.

2. மணிக்குப் பின்னால் பழுப்பு நூலைத் தொடங்கி வளைவு வரை போங்கள்.

3. ஃபெசன்ட் வால் இறகில் ஐந்தாறு இழைகளைக் காம்புக்குச் செங்குத்தாக இழுத்துப் பிடியுங்கள்; நுனிகள் தானாக ஒரே மட்டத்துக்கு வரும். அப்படியே வெட்டி, தண்டில் பாதி நீளம் வாலாக நீட்டி நிற்குமாறு வளைவில் கட்டுங்கள். மீதி நீளத்தை வெட்டாதீர்கள், அதுதான் உடல் ஆகப்போகிறது.

4. மெல்லிய செம்புக் கம்பியைத் தண்டின் முழு நீளத்துக்கும் கிடத்தி வளைவு வரை கட்டுங்கள். வளைவில் மட்டும் கட்டினால் அங்கே ஒரு முடிச்சு மாதிரி மேடு வரும். நூலைத் தண்டின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்துக்கு முன்னே கொண்டுவாருங்கள்.

5. இழைகளைச் சேர்த்துப் பிடித்து, நூல் போன திசையிலேயே முன்னோக்கிச் சுற்றுங்கள். உலர்ந்த இழை பட்டென்று ஒடியும். விரலைக் கொஞ்சம் நனைத்துக்கொண்டால் ஒடியாது. நூல் நிற்கும் இடம் வந்ததும் கட்டி, மிச்சத்தை வெட்டுங்கள்.

6. செம்புக் கம்பியை எதிர்த்திசையில் நான்கைந்து சுற்று முன்னே கொண்டுவாருங்கள். எதிர்த்திசை என்பது அழகுக்காக இல்லை. ட்ரவுட்டின் பல் பட்டு ஓர் இழை அறுந்தாலும் குறுக்கே போகும் கம்பி மற்றதைப் பிடித்து வைக்கும். கம்பியைக் கட்டியதும், நுனியைப் பிடித்துச் சுழற்றினால் தானே ஒடிந்துவிடும்; நல்ல கத்தரியைக் கெடுக்க வேண்டாம்.

7. இன்னும் எட்டு இழைகளை, காம்புப் பக்கம் பின்னால் நீட்டுமாறு, நுனிப் பக்கத்தால் கட்டுங்கள். இது இறக்கைப் பை. அதன் அடியில் இரண்டு மூன்று மயில்தோகை இழைகளைக் கட்டி, மணி வரை சுற்றி மார்புப் பகுதியை உருட்டுங்கள். இப்போது அந்த எட்டு இழைகளையும் மார்பின் மேல் முன்னோக்கி மடித்து, மணிக்குப் பின்னால் இறுக்கிக் கட்டி வெட்டுங்கள்.

8. விப் ஃபினிஷ் ஐந்து சுற்று. ஊசி முனையில் ஒரு துளி வார்னிஷ்.

விப் ஃபினிஷ் என்பது, நூலின் நுனி தன் மேலேயே சுற்றப்பட்ட வளையங்களுக்கு அடியில் புதைந்து இறுகும் முடிச்சு. எழுத்தில் படித்துக் கற்பது கடினம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு தடித்த கயிற்றையும் பென்சிலையும் வைத்து விரலாலேயே போட்டுப் பழகிவிட்டு, அப்புறம் கருவிக்குப் போனால் சட்டென்று பிடிபடும்.

நல்ல நிம்ஃப் மெலிந்திருக்கும். கட்டியதை முன்பு பிடித்துப் பார்த்த பூச்சியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்முடையது எப்போதும் குண்டாகத்தான் தெரியும். அடுத்ததில் இழையைக் குறையுங்கள்.

மிதக்கும் ஃபிளை: எல்க் ஹேர் கேடிஸ்

பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடும் நீரில் மிதக்க வேண்டும், தூரத்திலிருந்து நம் கண்ணுக்கும் தெரிய வேண்டும். இரண்டையும் சாதிக்கும் ஃபிளை இது. 1957இல் ஆல் ட்ராத் உருவாக்கினார். எல்க் மானின் முடிக்குள் காற்று அறைகள் இருப்பதால் மிதக்கிறது.

1. 14 எண் மெல்லிய முள்ளில் வளைவு வரை நூலைச் சுற்றி, அங்கே மெல்லிய பொன்னிறக் கம்பியைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

2. முயல் ரோமத்தை நூலின் மேல் விரலால் ஒரே திசையில் உருட்டி ஒட்டுங்கள். போதும் என்று தோன்றுவதில் பாதி எடுங்கள். தண்டின் முன்பகுதியில் கால் பங்கு வெறுமையாக விட்டு, மெல்லிய உடலாகச் சுற்றுங்கள். அந்தக் கால் பங்கு இல்லாவிட்டால் பிற்பாடு தலை கட்ட இடமே இருக்காது. புதியவர்களின் ஃபிளைகளில் கண் அடைபட்டுக் கிடப்பது இதனால்தான்.

3. இழை நீளம் முள்ளின் வாயைவிடச் சற்று அதிகமுள்ள பழுப்புச் சேவல் இறகை உடலின் முன்னால் கட்டுங்கள். மற்ற மிதக்கும் ஃபிளைகளுக்கு வாயைப் போல் ஒன்றரை மடங்கு என்பது பொது அளவு. இதில் மேலே முடி வருவதால் குறைவாகவே வைக்கலாம். இடுக்கியால் பிடித்து ஐந்தாறு சுற்றில் வளைவுக்குக் கொண்டுபோங்கள். அங்கே கம்பியை இறகின் மேல் இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி, பிறகு கம்பியை இப்படியும் அப்படியும் அசைத்தபடி இழைகளை நசுக்காமல் முன்னே கொண்டுவந்து கட்டுங்கள். இறகின் மிச்ச நுனியை வெட்டிவிடலாம்.

4. தீக்குச்சிப் பருமனுக்கு முடியைத் தோலை ஒட்டி வெட்டுங்கள். அடியில் உள்ள பஞ்சு ரோமத்தைச் சீப்பால் முழுவதும் சீவி எடுத்துவிட வேண்டும். இருந்தால் நீரை உறிஞ்சும், முடியும் ஒழுங்காகப் படியாது. நுனி கீழே இருக்கும்படி ஸ்டேக்கரில் போட்டு மேசையில் நாலு தட்டுத் தட்டினால் நுனிகள் வரிசைக்கு வரும்.

5. நுனி வளைவின் கடைசி வரை வருமாறு அளந்து, முடியைத் தண்டின் மேல் வைத்துக் கிள்ளிப் பிடியுங்கள். இரண்டு மென்சுற்று. மெதுவாக இறுக்குங்கள், முடி விரிந்து எழும். விரலைத் தளர்த்தாமல் அதே இடத்தில் ஐந்தாறு இறுக்கமான சுற்று போடுங்கள். இங்கே விரலை எடுத்தால் முடி தண்டைச் சுற்றி வயிற்றுப் பக்கம் இறங்கிவிடும். இறங்கினால் பிரித்துவிட்டு மறுபடி கட்டுவதே நல்லது. பக்கத்தில் சாய்ந்த இறக்கை நீரில் ஃபிளையைக் கவிழ்க்கும்.

6. முன்னால் நீட்டும் அடிமுடியைத் தூக்கிப் பிடித்து, அதற்கு அடியில், கண்ணுக்குப் பின்னால் விப் ஃபினிஷ் போட்டு, அடிமுடியைச் சாய்வாகக் குட்டையாக வெட்டுங்கள்.

மான் முடியிலும் கட்டலாம். அது எல்க்கைவிட மென்மை, அதிகமாக விரியும். 16ஆம் எண்ணைவிடச் சின்ன முள்ளுக்கு எனக்கு அதுதான் கைக்கு வாகாக இருக்கிறது.

ஒரு வடிவத்தை ஒரே அளவில், ஒரே நிறத்தில், அடுத்தடுத்து ஒரு டஜன் கட்டுங்கள். வடிவத்தை மாற்றி மாற்றிக் கட்டினால் கை எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. கடைசியாகக் கட்டியதையும் முதலில் கட்டியதையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனை. கேடிஸ் நிமிர்ந்து மிதக்க வேண்டும். நிம்ஃப் நனைந்ததும் நிறம் எவ்வளவு கருக்கிறது என்று பாருங்கள். உலர்ந்த நிறத்தை வைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள்.

இறகு, முடி: வாங்குவதும் வைத்திருப்பதும்

இறகைக் கண்ட இடத்தில் பொறுக்காதீர்கள். சில நாடுகளில் காட்டுப் பறவைகளின் உதிர்ந்த இறகை வைத்திருப்பதே குற்றம். சேவல், ஃபெசன்ட், வான்கோழி, வாத்து என்று வளர்ப்புப் பறவைகளின் இறகே இந்த வேலைக்குப் போதும். அரிய இறகின் மேல் உள்ள மோகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு: 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் நகரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடு போயின. சால்மன் ஃபிளை கட்டுவோரிடம் அந்த இறகுகளுக்குக் கிராக்கி இருந்ததுதான் காரணம். ஓடை ட்ரவுட்டுக்கு அப்படி எதுவும் வேண்டியதில்லை.

புதிதாக வந்த தோலையும் இறகையும் உடனே பழையவற்றோடு கலக்க வேண்டாம். அந்துப்பூச்சி முட்டை ஒன்று வந்தாலும் பெட்டி முழுவதும் போய்விடும். காற்றுப் புகாத பையில் போட்டுச் சில நாள் உறைபெட்டியில் வைத்துவிட்டு, பிறகு தனித்தனிப் பைகளில் மூடி வையுங்கள்.

ஓடையிலிருந்து திரும்பியதும் ஃபிளைப் பெட்டியை இரவு முழுவதும் திறந்து வைத்து உலரவிடுங்கள். மூடி வைத்தால் ஈரத்தில் முள் துருப்பிடிக்கும், பக்கத்தில் உள்ளவற்றையும் கறைபடுத்தும். சரியாக வராத ஃபிளைகளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை: முனையில் கைபடாமல் வைஸில் பிடித்து, சவர பிளேடால் தண்டின் மேலே நீளவாக்கில் ஒரு கோடு இழுத்தால் நூலும் இறகும் கழன்று வரும், முள் அடுத்த ஃபிளைக்குத் தயார்.